கொடிக்காரர் நகர்த்திய பீப்பா

வேலையை மேற்பார்க்க ஓவசியர் இருந்தார். தார் காய்ச்சுபவர் இருந்தார். சல்லி சுமக்கும் அக்கா இருந்தா. குழி நிரப்ப நான் இருந்தேன். வாகனங்களை மறிக்கச் சிவப்புக் கொடியோடு கொடிக்காரர் நின்றார். உரும்பிராய் றோட்டில் குழிகளை அடைத்துக்கொண்டே போனோம்.

மெலிந்த ஆள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியே வைத்திருப்பார். நாங்கள் நகர நகர, பின்னால் மறிப்புக்கு வைத்த வெற்றுத் தார்ப் பீப்பாவையும் உருட்டி வருவார்.

"பீப்பா ஓடிப்போகாது ஐசே. வந்து மண்வெட்டியைப் பிடியும்" என்று ஓவசியர் கத்தினார்.

"எல்லாரும் குனிஞ்சால் ஆர் ஐயா றோட்டைப் பாக்கிறது?"

கொடிக்காரர் பீப்பாவை விட்டு அசையவில்லை.

மத்தியானம் ஒரு லொறி வந்தது. கொடியைக் கண்டும் நிற்கவில்லை. பீப்பாவில் மோதி, அது அடியில் சிக்க, இழுத்து வந்து வேகம் குறைந்து, அக்காவின் சல்லிக்கூடைக்குப் பக்கத்தில்தான் நின்றது.

"பிறேக் பிடிக்கேல்லை" என்று கத்திக்கொண்டே சாரதி குதித்து இறங்கினான். யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பிறேக்குக்குப் புதுச் சாமான் வராத காலம் அது.

கொடிக்காரர் நசுங்கிய பீப்பாவை இன்னும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. அது எனக்கு விளங்கவில்லை.

"இது வருமெண்டு தெரியுமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம். காலமை லொறியள் சந்தைக்குப் போகேக்கை, பிறேக் அமத்தியும் வேகம் குறையாததுகளைப் பாத்து வைச்சனான். எல்லாம் இந்த றோட்டாலைதான் திரும்பி வரவேணும்."

"இன்னும் எத்தினை?"

"ரண்டு."