விமானம் இறங்கும் தண்ணீரில் நின்றவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், ஆவி, சகுனம் ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. இலங்கையிலிருந்து இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இங்கே எங்கள் சனம் சைவமோ கிறிஸ்தவமோ என்று பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை மலையேறி இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடும், என் மனைவியும் வெறுங்காலோடு ஏறுவாள், நான் அடிவாரத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து அவள் இறங்கி வரும்வரை பேப்பர் பார்ப்பேன். அப்படிப்பட்ட ஆள் நான். நீங்கள் நம்பினாலும் சரி, மனுசனுக்கு மூளை பிசகிவிட்டது என்று சிரித்தாலும் சரி. இது இரவில்கூட நடக்கவில்லை, காலை பத்து மணி வெயிலில் நடந்தது.

ஊரின் பழைய பகுதியான கால்சாவுக்கு அப்பால், கடற்கரைச் சுவர் முடிகிற இடத்தில் கடல் விமானத் துறை இருக்கிறது. பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு மேடை, ஒரு தகரக் கொட்டில், ஒரு தராசு, ஆறு பேர் ஏறுகிற ஒரு விமானம், அவ்வளவுதான். விமானத்துக்குச் சக்கரம் கிடையாது, இரண்டு நீள மிதவைகள், தண்ணீரில்தான் இறங்கும். வாரத்தில் சில நாள் மட்டும் கப்பல் போகிற ஒரு சின்னத் தீவுக்கு அது போய் வரும். அந்தத் தீவில் ஆஸ்பத்திரி இல்லை, ஒரு டாக்டர் மட்டும் இருக்கிறார்.

கயிறு கட்டுவது, மிதவைக்குள் ஊறிய தண்ணீரைக் காலையில் பம்ப் அடித்து எடுப்பது, பயணிகளை நிறுப்பது எல்லாம் என் வேலை. சின்ன விமானம் என்பதால் ஆட்களைத் தனியாகவும் பையைத் தனியாகவும் நிறுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் தராசில் ஏறும்போது கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள், பைலட் பார்த்துச் சிரிப்பார். ஆனால் முக்கியமான வேலை தண்ணீர்ப் பாதையைப் பார்ப்பது. விமானம் இறங்கும் பாதையில் ஒரு மரக்கட்டை மிதந்தாலும் போதும், குப்புறக் கவிழ்ந்துவிடும். நான் பச்சைக் கொடி தூக்கினால் பைலட் இறங்குவார், சிவப்புத் தூக்கினால் மேலேயே சுற்றுவார், சுற்றிவரப் பாறை என்பதால் வேறு இடத்தில் இறங்க முடியாது. ஒருதரம் சிவப்புத் தூக்கிவிட்டால், படகில் போய்ப் பாதை முழுவதையும் பார்த்த பிறகுதான் பச்சை தூக்கலாம். அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

சீசா என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் சுதனும் அவன் மனைவி கலாவும் இருந்தார்கள். வன்னிப் பிள்ளைகள், சண்டை முடிந்த பிறகு வந்தவர்கள். சுதனுக்கு ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. கலா அந்தத் தீவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, இத்தாலிய அம்மா ஒருவரை, பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கிழமை அங்கே, நாலு நாள் வீட்டில். போகும்போதெல்லாம் நான்தான் நிறுப்பேன். கடைசியாகப் போனபோது முள் நாற்பத்தெட்டில் நின்றது.

“அண்ணை, சத்தமாச் சொல்லாதேங்கோ. சாப்பிடுறேல்லை எண்டு இவர் ஏசுவார்” என்றாள்.

“வடிவாச் சாப்பிடு பிள்ளை, காத்தடிச்சால் பறந்துபோயிடுவாய்” என்றேன். சிரித்துக்கொண்டு போய் ஏறினாள்.

பத்து நாள் கழித்து, காலையில் தீவிலிருந்து வானொலியில் கூப்பிட்டார்கள். அவசர நோயாளி, ஒரு பெண், ஆம்புலன்சைத் துறைக்கு வரச் சொல்லு என்றார்கள். வானொலியில் நாங்கள் பெயர் சொல்வதில்லை, எடைதான் சொல்வோம். நாற்பத்தெட்டு என்றார்கள். எழுதிக்கொண்டேன். கலா பார்க்கிற சிஞ்ஞோராவாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த அம்மா எண்பது கிலோவுக்குக் குறையமாட்டா. என் கையாலேயே நாற்பத்தெட்டு என்று எழுதினேன், எனக்கு உறைக்கவில்லை. பாருங்கள், எவ்வளவு பெரிய மடையன் நான்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. விமானத்தின் சத்தம் கேட்டதும் பாதையை ஒருதரம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பச்சைக் கொடியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் பாதையின் நடுவில் ஒரு பெண் நிற்பதைக் கண்டேன்.

நிற்பதை என்றுதான் சொல்கிறேன். நீந்தவில்லை, தத்தளிக்கவில்லை. அந்த இடத்தில் நாலு ஆள் ஆழம், அவளோ இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோல நின்றாள். நீலக் கம்பளிச் சட்டை. முகம் என் பக்கம். அது கலா. வேறு யாரோ என்று சொல்ல இன்றைக்கும் ஆசைதான், ஆனால் அது கலா.

“கலா! பிள்ளை, இஞ்சாலை வா!” என்று கத்திக்கொண்டே சிவப்புக் கொடியைத் தூக்கினேன்.

தலைக்கு மேலே வந்த விமானம் திரும்பவும் ஏறியது. நான் கொடியைத் தூணில் செருகிவிட்டுப் படகில் பாய்ந்தேன். போய்ப் பார்த்தால் ஒருவருமில்லை. ஒரு சுழிகூட இல்லை. மூழ்கிவிட்டாள் என்று நினைத்தேன், தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினேன், கூப்பிட்டேன். இடுப்பிலிருந்த வானொலியில் பைலட் கத்துகிறார், நோயாளிக்கு மோசம், பாதையைத் திற என்கிறார். எப்படித் திறப்பேன்? ஒரு பிள்ளை தண்ணீருக்குள் கிடக்கிறாள், அவள் மேல் விமானத்தை இறக்கச் சொல்லவா? பாதை முழுவதையும் பார்த்து முடித்தேன். இருபது நிமிடம். அதற்குப் பிறகுதான் பச்சை.

விமானம் மேடைக்கு வந்தது, கயிற்றைப் பிடித்தேன், கதவைத் திறந்தார்கள். கலா நீலக் கம்பளிச் சட்டையோடு இருக்கையில் சரிந்து கிடந்தாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் நெஞ்சை அமுக்கு அமுக்கென்று அமுக்கிப் பார்த்தார்கள், உயிர் திரும்பவில்லை. வயிற்றுக்குள் கரு தப்பான இடத்தில் தங்கி வெடித்து, உள்ளேயே இரத்தம் போயிருக்கிறது. கர்ப்பம் என்று அவளுக்கே தெரிந்திருந்ததோ என்னவோ. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சுதனிடம் சொன்னார்கள். பக்கத்தில் நான் நின்றேன்.

கொடி ஏன் தூக்கினாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பெரிய மரக்கட்டை ஒன்று மிதந்தது என்றேன். வேறு என்ன சொல்ல? அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று சுதன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணை, நீங்கள் உங்கடை வேலையைத்தானே செய்தனீங்கள். கட்டையிலை அடிபட்டிருந்தால் எல்லாரும் போயிருப்பினம். உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை.” திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். இருபது நிமிடத்தை நான்தானே தின்றேன்.

இது இத்தோடு முடிந்திருந்தால் கண்ணில் ஏதோ கோளாறு என்று என்னையே சமாதானப்படுத்தியிருப்பேன். போன வருடம் பைலட் வேலையை விட்டுப் போகிற நாளில் இரண்டு பேரும் மேடையில் கோப்பி குடித்தோம். அவர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குத் தானாகவே கலாவைப் பற்றி எடுத்தார். சுற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்கு நினைவு இருந்ததாம். யன்னலால் கீழே பார்த்தாளாம். கடலை விரலால் சுட்டுவாளாம், பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைப்பாளாம். திரும்பவும் கடலை, திரும்பவும் நெஞ்சை. நெஞ்சு நோகிறது என்று சொல்கிறாளாக்கும் என்று அவர் முதலில் நினைத்திருக்கிறார்.

“ஆனால் அவள் முகத்தில் வலி இல்லை” என்றார். “கூட்டமாக எடுத்த படத்தில் இது நான் என்று காட்டுவார்களே, அப்படிக் காட்டினாள்.”

கோப்பியை மேடையில் வைத்தேன். கடலில் எந்த இடத்தைக் காட்டினாள் என்று கேட்டேன்.

“உன் படகைத்தான்” என்றார். “நீ குனிந்து தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தாயே, உனக்குப் பின்னால் ஆள் உட்காருகிற பலகையை.”

படகில் நான் தனியாகத்தான் போனேன். அவரும் மேலேயிருந்து என்னை மட்டும்தான் கண்டாராம்.

இதைச் சுதனிடம் சொல்லவேண்டும் என்று பத்துத் தரம் கீழ்வீட்டுப் படி இறங்கியிருக்கிறேன். அவன் கதவைத் திறந்து “வாங்கோ அண்ணை, இருங்கோ” என்பான், நான் வேறு ஏதாவது கதைத்துவிட்டு வந்துவிடுவேன். அவனுக்கு அது இன்றைக்கும் மரக்கட்டைதான்.