ஐஸ் கம்பெனியில் ஒரு மணி நேரம்

அரியலூர் ஐஸ் கம்பெனியில், ஐஸ்கட்டி அடுக்கும் அறையில் தார்ப்பாய் விரித்து, இரண்டு கம்பளி போர்த்திப் படுத்திருக்கிறேன். பனி உருகுமுன் பங்குனியிலேயே வடக்கே போய், ரோடு இல்லாத பனிமலையில் ஜீப் ஏற்றிக் கூடாரம் போடுவது என் ஒரு வருடத் திட்டம். இங்கே ஒரு மணி நேரம் தாங்கினால்தான் வருவேன் என்கிறான் ஜீப்புக்காரன் சேவியர்.

கால் மணியில் பல் கிட்டுகிறது. ஐஸ் மேல் உமி கொட்டும் கலியன் குனிந்து பார்க்கிறார்.

"உசுரோடதான் இருக்கீங்களா அண்ணே? இங்க காத்துகூட இல்ல. அங்க காத்தும் அடிக்குமாமே?"

"அடிக்கும்."

"அப்ப எந்திரிங்க. கதவத் தொறக்குறேன்."

வேண்டாம் என்று சொல்ல உதடு அசையவில்லை.

வெளியே வெயில் கொளுத்துகிறது. சேவியர் என் முகத்தைப் பார்க்கிறான். பனி அள்ள நான் வாங்கிய மண்வெட்டியை ஜீப்பிலிருந்து இறக்கி என் காலடியில் வைத்துவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு போகிறான். கால் விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன.