ஆயிரத்து எண்பது வாட் மணி

படகில் மின்சாரம் இருந்தால்தான் வருவேன் என்று சொன்னது நான்தான். என் கணவர் பக்கத்துக் கடற்கரை ஊரான பொந்தியானில் ஒருவரிடமிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருந்தார். முன்பக்கம் சின்னதாக ஓர் அறை. மூன்று பேர் நெருக்கிப் படுக்கலாம். வாரம் முழுவதும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிற அவருக்கு, பள்ளி விடுமுறையில் பூலாவ் பீசாங் தீவுக்குப் பின்னால் நங்கூரம் போட்டு இரண்டு இரவு தங்க வேண்டும் என்று ஆசை.

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. இரண்டு வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அது வந்தால் நெபுலைசர் மெஷினைப் போட வேண்டும். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக அனுப்புகிற, செங்கல் அளவுள்ள மெஷின். அதற்கு வீட்டு மின்சாரம் வேண்டும். பேட்டரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். இரண்டு முறை அடைத்துக்கொண்டதும் அதை நம்புவதை விட்டுவிட்டேன். வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் எப்போதும் கைப்பையில் இருக்கும், ஆனால் இழுப்பு முற்றினால் அது போதாது. தீவிலிருந்து கரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார் கணவர். முக்கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும்.

சோலார் போட்டுவிடலாம் என்று அவரே சொன்னார். எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. திருமணத்துக்கு முன் பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். அங்கே எந்த அளவையும் இரண்டு முறை எடுக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்துப் போட வேண்டும். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் வீட்டில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு முறை அளப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ள ஆரம்பித்தேன். சோறு, டயப்பர், மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து. பெக்கோக்கில் என் நாத்தனார் வீட்டுக்கு இரண்டு நாள் தங்கப் போனபோது, காரிலிருந்து பைகளை இறக்கி முடிக்கும்வரை அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"என்ன அண்ணி, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? வாடகைக்கு விட்டாச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் தவறாக எதுவும் இல்லை, உண்மைதான்.

அதனாலோ என்னவோ, படகுக் கணக்கை மட்டும் சரியாகப் போட வேண்டும் என்று தீர்மானித்தேன். மின்சாரத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். சுவரிலுள்ள பிளக்கில் அதைச் செருகி, அதில் பொருளைச் செருகினால் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும். படகில் வைக்கப்போகும் சிறிய குளிர்பெட்டியை வீட்டில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். ஐந்நூற்று ஐம்பது வாட் மணி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். மறுநாளும் ஓடவிட்டேன், ஏறக்குறைய அதேதான் வந்தது. இரண்டு காற்றாடிகளும் சேர்ந்து இருநூற்று நாற்பது. விளக்குகள் அறுபது. கைப்பேசிகள் ஐம்பது. மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் திரைக்கும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கும் எண்பது. மெஷினை ஒரு நாளைக்கு நான்கு முறை போட்டால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, நூறு.

இத்தனை நாள் பயந்த மெஷின் பட்டியலின் கடைசியில் நூறோடு நின்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாலையும் பழத்தையும் குளிராக வைக்கிற பெட்டிதான் பாதிக்கு மேல் தின்றது.

கூட்டினால் ஆயிரத்து எண்பது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதலாம் என்று தோன்றியது. இரண்டாயிரம் என்றும் தோன்றியது. எழுதவில்லை. ஆயிரத்து நூறு என்றுகூட ஆக்கவில்லை. ஆயிரத்து எண்பது என்று எழுதி, அடியில் கோடு போட்டு, கணவரிடம் கொடுத்தேன்.

"சரியா பாத்துதான் எழுதியிருக்கேன்" என்றேன்.

சரி என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கூலாயில் தோட்டங்களுக்கும் படகுகளுக்கும் சோலார் விற்கிற ஒரு தமிழர் கடை இருந்தது. கணவர் ஒரு சனிக்கிழமை தனியாகப் போய்ச் சாமான்களை வாங்கிவந்தார். கடைக்காரரே ஆளோடு வந்து படகில் மாட்டிக்கொடுத்தார். நான் போய்ப் பார்த்தபோது அறையின் கூரைமேல் ஒரு பேனல் இருந்தது. அதன் சட்டத்தின் ஓரத்து ஒட்டுத்தாளில் நூற்றெண்பது வாட் என்று போட்டிருந்தது. எங்கள் பக்கம் முழு வெயில் கணக்கை நாளுக்கு நான்கு மணி நேரமாகத்தான் எடுக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாக வீணாவதைக் கழித்தால், ஒரு பேனல் நாளுக்குத் தருவது ஐந்நூற்று நாற்பது. எனக்குத் தேவையானதில் சரி பாதி. பேட்டரியும் நூறு ஆம்பியர் மணியில் ஒன்றுதான். நான் இரண்டு எதிர்பார்த்திருந்தேன்.

அங்கே நின்றபடியே மனக்கணக்கில் இதைப் போட்டேன். விடை தவறு என்று நினைக்கவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை. கடைக்காரர் எத்தனையோ படகுகளுக்குப் போட்டவர். புத்தகத்துக் கணக்கு வேறு, கடல் வேறாக இருக்கலாம். ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் அதிகம் கேட்கிறவள் என்று பெயர் வாங்கியவள், இன்னொரு பேனல் எங்கே என்று கேட்டால் எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தீவுக்குப் போகுமுன் ஜெட்டி என்கிற ஆற்றோரப் படகுத்துறையிலேயே கட்டிவைத்து, இரண்டு இரவு படகில் தங்கிப் பார்க்க வேண்டும் என்றேன். கணவருக்கு அது வெட்கமாக இருந்தது. இருந்தாலும் ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை ஏறினோம். பக்கத்துப் படகுக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். ஜெட்டியின் முனையில் அவருடைய வலைக் கொட்டகை இருந்தது. கட்டிய படகில் நாங்கள் சோறாக்குவதைப் பார்த்துவிட்டு, எப்போது போய்ச் சேருவீர்கள் என்று மலாயில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றார் கணவர். கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டார் பெரியவர். அமைதியாக இருக்கிறது பாக்சிக் என்றேன் நான், மலாய்ப் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். மறுநாள் முழுவதும் போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் எங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்து நோட்டில் எழுதினேன். பதின்மூன்று புள்ளி இரண்டு. பதின்மூன்று புள்ளி ஒன்று. சனிக்கிழமை முழுக்க மேகம். அப்போதும் பதின்மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. பேனலைப் பற்றி நான் போட்ட கணக்குத்தான் தப்பு என்று முடிவு செய்தேன், அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. இந்த லித்தியம் வகைப் பேட்டரி கடைசிவரை அப்படித்தான் காட்டும் என்பது எனக்குத் தெரியாது. தீரப்போகும் நேரத்தில்தான் எண் விழும். விழுந்தால் மளமளவென்று விழும்.

ஞாயிறு காலை மழை. மகளுக்கு எழும்போதே நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. ஈரக்காற்று அவளுக்கு ஆகாது. பத்து மணிக்கு மருந்தை ஊற்றி, முகமூடியை மாட்டி, மெஷினைப் போட்டேன். இரண்டு நிமிடம் ஓடியிருக்கும். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பிறகு மெஷின் நின்றது. முகமூடிக்குள் வந்துகொண்டிருந்த வெள்ளைப் புகை நின்றது. கப்பில் மருந்து முக்கால்வாசி அப்படியே இருந்தது. மகள் முகமூடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். அவளுடைய விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப்போய் வந்தது.

கணவர் அவளை ஒரு கையிலும் மெஷினை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு ஜெட்டியில் ஓடினார். பாக்சிக் எதுவும் கேட்காமல் கொட்டகையில் ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தார். வலைக்குவியல்மேல் உட்கார்ந்து அவள் மீதி மருந்தை இழுத்தாள். ஆறு நிமிடம். முடிந்தபோது விசில் குறைந்திருந்தது. பாக்சிக் அவளுக்குத் தூண்டிலில் மாட்டும் ரப்பர் இறால் ஒன்று கொடுத்தார். கொக்கி இருக்கிறதா என்று நான் பார்த்து வாங்கினேன்.

அதன்பிறகுதான் கணவர் சொன்னார். கொட்டகை வாசலில் மழையைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ எழுதுனதுல பாதிதான் கடையில சொன்னேன்."

"ஏன்?"

"நீ எப்பவும் டபுளாதானே போடுவ. அதான் நானே பாதியாக்கிட்டேன்."

"இந்தத் தடவ போடல."

"சொல்லியிருக்கலாம்ல."

"சரியா பாத்து எழுதியிருக்கேன்னு சொன்னேனே."

"அத நீ எப்பவுமே சொல்லுவ."

அது உண்மை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் இப்படி எத்தனை முறை சத்தமில்லாமல் பாதியாக்கியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். அரிசி, துணி, விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரம். அதிலெல்லாம் ஒரு குறையும் வந்ததில்லை. நான் பெருக்கினேன், அவர் வகுத்தார், குடும்பம் நடந்தது.

"ஒரு பேனல்தான் இருந்துச்சுன்னு நானும் பாத்தேன்" என்றேன். "பத்தாதுன்னு அன்னைக்கே தெரியும்."

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப ஏன் கேக்கல?"

கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மெல்லிய காரணம் என்று தெரிந்தது. பாதியாக்கியது அவர். ஆனால் பாதி என்பதைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான்.

அடுத்த வாரம் மூவரும் கூலாய்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, தம்பி, போன தடவை ஐந்நூற்று நாற்பது என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார். கணவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"அவங்கள கேளுங்கண்ணே."

ஆயிரத்து எண்பது என்றேன். எதற்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, இன்னும் இரண்டு பேனல் சேர்த்து மூன்றாகவே போட்டுவிடலாமே, பயமில்லாமல் இருக்கும் என்றார். பயமில்லாமல் என்ற சொல்லில் எனக்குச் சபலம் வந்தது. ஆனால் மூன்று பேனலைக் கூரைமேல் ஏற்றினால் சின்னப் படகு மேல்பாரத்தில் ஆடும். அதையும் படித்திருந்தேன்.

"இன்னொன்னு போதும்ணே. பேட்டரியும் இன்னொன்னு. ஆனா ரெண்டு பேட்டரியையும் சேக்க வேணாம்."

ஒன்றில் குளிர்பெட்டி, காற்றாடி, விளக்கு எல்லாம். மற்றதில் மெஷின் மட்டும், வேறு எதுவும் அதைத் தொடக் கூடாது. பெட்டி நின்றால் ஐஸ் வாங்கலாம், பாலைக் கொட்டலாம். ஜெட்டியில் மெஷின் நின்ற அந்த நிமிடத்திலிருந்து நான் யோசித்து வைத்திருந்தது இவ்வளவுதான். கடைக்காரர், அப்படியும் செய்யலாம் தங்கச்சி, மெஷின் பேட்டரி முதலில் நிறைந்து, பிறகு மற்றதுக்குப் போகும்படி வைத்துத் தருகிறேன் என்றார்.

அதன்பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம், காற்றாடிகளை இரவில் எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்டது சரியா, பத்தாக எடுத்திருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டேதான் வந்தேன். காரைத் திருப்பச் சொல்லவில்லை.

விடுமுறையில் தீவுக்குப் போனோம். முதல் நாள் நல்ல வெயில். இரண்டாம் நாள் விடியும்போதே வானம் மூடிக்கொண்டது, பிற்பகல்வரை திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளிர்பெட்டி நின்றுபோனது. கணவர் என் முகத்தைப் பார்த்தார். பால் டப்பாவை எடுத்துக் கடலில் கொட்டினேன். பப்பாளியை அப்போதே அறுத்துச் சாப்பிட்டோம்.

ஒன்பது மணிவாக்கில் மகள் இருமினாள். இரண்டாவது இருமலில் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். மருந்தை ஊற்றி மெஷினைப் போட்டேன். வெள்ளைப் புகை வந்தது. அவள் என் மடியில் சாய்ந்தபடி, நனைந்த கூரைமேல் வந்து உட்கார்ந்த பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் கயிற்றைச் சுருட்டுவதுபோல் இன்வெர்ட்டரின் பக்கத்திலேயே நின்றார். எட்டு நிமிடத்தில் கப் காலியாகி, மெஷினின் சத்தம் கரகரவென்று மாறியது. அணைத்துவிட்டு முகமூடியைக் கழற்றி, அவள் கன்னத்திலிருந்த ஈரத்தைத் துடைத்தேன்.