பின் சீட்டில் ஒரு மஞ்சள் கறை

என் வேனின் பின் சீட்டில், ஜன்னல் ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை இருக்கிறது. வண்டியைக் கழுவக் கொடுக்கும்போதெல்லாம் கடைக்காரர் அதைத் தேய்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "ஏனுங்க, சீட்டு உறைய மாத்திப்போடலாமுங்களே" என்பார். வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அத்தை மடியில் வைத்திருந்த சொம்பு தளும்பி விழுந்த கறை அது. அதை எப்படி மாற்றுவது?

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் மாமாவும் அவரும் மட்டும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை நினைக்க நேரமில்லாதபடி ஆடுகள் இருந்தன. மாமா நாமக்கல் லாரிகளில் காலமெல்லாம் வடக்கே ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர். ரோட்டில் வாய் ஓயாமல் பேசுவாராம். வீட்டில் அத்தை பேசுவார், மாமா கேட்டுக்கொள்வார். அத்தை ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதில் பேச்சுக்கே இடமில்லை.

அப்படிப்பட்ட அத்தைக்கு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இதயத்தில் வால்வு பழுது, ஆப்பரேசன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் தாங்காது என்றார். நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். அத்தை கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "நான் வளத்த கெடாய நம்ம சாமிக்கு நேந்துக்கறேன். அது துலுக்குச்சுன்னா நான் மேசையில படுத்துக்கறேன். துலுக்கலீன்னா சாமிக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம். அப்பறம் ஒருத்தரும் என்னய நச்சரிக்கப்படாது."

எங்கள் பக்கத்தில் கிடாய் வெட்டும் முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள். கிடாய் உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்பார்கள். அதுதான் சாமியின் உத்தரவு. உதறாத கிடாயின் மேல் யாரும் அரிவாளை ஓங்க மாட்டார்கள்.

மேச்சேரிக்கு அந்தப்பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு நான்தான் அவர்கள் இருவரையும் கிடாயையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல சித்திரை வெயில். பூசாரி தண்ணீரைத் தெளித்தார். கிடாய் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் தெளித்தார். பிறகு சொம்போடு ஊற்றினார். அந்த வெயிலில் அதற்கு அது சுகமாக இருந்திருக்க வேண்டும். மூக்கிலிருந்து வழிந்த தண்ணீரை நக்கிக்கொண்டு நின்றது. மாமா அதன் முன்னால் கை கூப்பி நின்றுகொண்டே இருந்தார். உச்சிப்பொழுது தாண்டியதும் பூசாரி, "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று நகர்ந்துவிட்டார். மிச்ச மஞ்சள் தண்ணீரைச் சொம்பில் வாங்கிக்கொண்டு அத்தை விறுவிறுவென்று வண்டியில் ஏறிவிட்டார். கிடாயை நடுவில் உட்கார வைத்து இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

ஓமலூர் ரோட்டில் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி ஓரங்கட்டச் சொன்னார். வழக்கமான சோதனைதான். ஓட்டிவந்தவன் நான். ஆனால் வண்டி நிற்பதற்குள் மாமா முன்பக்கம் எட்டிக் காகிதங்களை உருவிக்கொண்டு கீழே குதித்துவிட்டார். போலீஸைக் கண்டால் அவருக்குக் கால் தானாக இறங்கிவிடும்.

"என்ன லோடு?" என்று போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கெடாங்க சார்."

"அதுக்கு பெல்ட்டு போட்டிருக்கீங்களா?"

மாமா உள்ளே எட்டிப் பார்த்து, "அதுக்குப் போடலீங்க சார்" என்றார், முகத்தில் துளி சிரிப்பில்லாமல்.

"எங்கிருந்து வாரீங்க?"

"கோயலுக்குப் போய்ட்டு வாரமுங்க."

"கோயலுக்குப் போன கெடா எங்கீங்க திரும்பி வரும்?"

மனுஷன் விளையாட்டாகத்தான் கேட்டார். மாமா காகிதங்களை நீட்டியபடியே, "சாமி வேண்டாம்னிருச்சுங்க சார்" என்றார். அவ்வளவுதான். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு நடுரோட்டில் விம்மி விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். "ஐயா, ஐயா, பெல்ட்டுக்குத்தானுங்க கேட்டேன்! எதுக்குங்க அழுவறீங்க?" என்று போலீஸ்காரர் பதறிப்போனார்.

அப்போதுதான் கண்ணாடியில் நான் அதைப் பார்த்தேன். அத்தை சொம்புக்குள் கையை விட்டார். ஒரு கை நிறைய அள்ளி, கிடாயின் காதுக்குள் விட்டார். சொம்பு தளும்பிச் சீட்டில் சிந்தியது. ஆடு வளர்க்கிற யாருக்கும் தெரியும், காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் சும்மா நிற்காது. கிடாய் கொம்பிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. சரியாக அந்த நேரம் பார்த்துப் போலீஸ்காரர் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார். அவருடைய வெள்ளைச் சட்டை கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது.

நான் செத்தேன் என்று நினைத்தேன். அவரோ முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. "அட, துலுக்கிருச்சே!" என்று கத்தினார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கிடாயைப் பார்த்துக் கும்பிட்டார். மாமா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். "வண்டியத் திருப்புங்க, நான் ரோட்ட நிறுத்தித் தாரேன்" என்று ஓடிப்போய், இரண்டு பக்கமும் லாரிகளை மறித்து எங்களைத் திருப்பி அனுப்பினார். போகும்போது, "நீங்களாவது பெல்ட்டப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். கோயிலில் கிடாயைக் கொடுத்தோம். அத்தை கறியைத் தொடவில்லை.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. அத்தை எழுந்து நடமாடிய பிறகு ஒருநாள் தனியாக இருக்கும்போது கேட்டேன். அவர் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டே சொன்னார்: "கத்தின்னா எனக்குப் பயங் கண்ணு. அன்னிக்குக் கோயல்ல கெடா கம்முனு நின்னுச்சு பாரு, அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. ஆனா உங்க மாமன் செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு போலீசையே அதட்டுன ஆளு. அவரு ரோட்டுல நின்னு அழுவறாரு. அதப் பாத்துப்போட்டு நான் எப்படிக் கண்ணு சாவறது?" பிறகு, "மாமனுக்குத் தெரிய வேண்டாம். சாமி குடுத்துச்சுன்னே இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு பல வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம் ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். கட்டுத்தறியில் ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன.

போன மாதம் மாமாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எத்தனை சொன்னாலும் முன்னால் உட்கார மாட்டார். அந்தக் கறை இருக்கிற இடத்தில்தான் உட்காருவார். இப்போது பெல்ட் போட்டுக்கொள்கிறார். ஓமலூர் ரோட்டில் அந்த இடம் வந்ததும், நான் கேட்காமலே பேசினார்.

"உங்கத்தை காதுல தண்ணி உட்டது எனக்குத் தெரியாதுன்னே நெனச்சுக்கிட்டுப் போய்ட்டா கண்ணு."

"பாத்தீங்களா மாமா?" என்றேன்.

"துண்டப் பொத்திக்கிட்டு அழுதாலும் கண்ணு தெரியாமயா போகும்? சொன்னா வெக்கப்படுவான்னு உட்டுட்டேன்."

கண்ணாடியில் பார்த்தேன். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை சீட்டில், அந்த மஞ்சள் கறையின் மேல் இருந்தது.