மீன் லொறியில் ஏழாவது ஆள்

வாப்பாவின் தம்பியான எங்கள் சாச்சாவுக்கு எதைக் கண்டாலும் உடனே தானும் செய்து பார்த்துவிட வேண்டும். கல்பிட்டிக் கடலில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் பாய்கிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. அவர்களில் ஒரு புருஷனும் பெண்சாதியும் லொறிக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு வந்து கரையில் நின்றார்கள். மீன் ஏற்றப்போன சாச்சா அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். மீனை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அதன்பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டு வளவில் சுத்தியல் சத்தம்தான். மீனும் ஐஸும் ஏற்றித் திரிந்த அவருடைய பழைய லொறிக்குள் கட்டில்கள் முளைத்தன. கீழே மூன்று, மேலே மூன்று. ஜன்னல் வெட்டித் திரை போட்டார். சாச்சி சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி ஓய்ந்துபோனார். மணம் மட்டும் அசையவில்லை.

"தம்பி, இதுல ஏறினா மனுசரும் கருவாடாத்தான் இறங்குவாங்க" என்றார் வாப்பா. அண்ணன் என்றால் அவ்வளவும் சொல்லலாம்தானே.

ஏப்ரல் விடுமுறைக்கு எல்லோருமாக மலைநாட்டு நுவரெலியா போவதென்று முடிவாயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. கடலையும் உப்பளத்தையும் தவிர வேறொன்றையும் கண்டதில்லை. நுவரெலியாவில் வாயைத் திறந்தால் புகை வருமாம். அந்தச் செய்தி ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. சாச்சாவின் ஐஸ் பெட்டியைத் திறந்துவைத்து அதற்குள் ஊதி ஊதிப் பயிற்சி எடுத்தேன்.

அப்போதுதான் சாச்சா ஆட்களை எண்ணினார். வாப்பா, உம்மா, சாச்சா, சாச்சி, அக்காவான ராத்தா, அண்ணனான நானா, நான். ஏழு பேர். கட்டிலோ ஆறு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். அந்தத் தட்டுக்குச் சஹன் என்று பெயர். சாச்சா அதைக் கையில் தூக்கிக் காட்டி, "சஹனுக்கும் ஆறு பேர், லொறிக்கும் ஆறு பேர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கட்டில்களுக்கு நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு தரை இருந்தது உண்மைதான். ஆனால் அதில் உம்மாவின் சாமான்கள் மலையாகக் குவிந்திருந்தன. காஸ் அடுப்பு, அரிசி, சட்டி பானை, வெங்காயம், உருளைக்கிழங்கு, ஏழு பேருக்குக் கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே எதற்குள்ளும் அடங்காத அந்தச் சஹன். கட்டிலுக்குக் கீழேயும் இடமில்லை. ஆகவே நான் பள்ளிவாசல்துறையில் மாமி வீட்டில் நிற்பதென்றும், என்னைப் பிறகு கூட்டிப்போவதென்றும் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். எங்கள் வீட்டில் பிறகு என்றால் அது எந்தக் கலண்டரிலும் இல்லாத நாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாமான்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் மல்லாக்கப் படுத்து, காலால் உதைத்து உதைத்து அழுதேன். ஒரு இடத்தில் உதைத்தால் டக் என்றது. இன்னொரு இடத்தில் டொம் என்றது.

அழுகையை நிறுத்திவிட்டு மறுபடி உதைத்தேன். டொம். எழுந்து உட்கார்ந்து ஒரு கரண்டிக் காம்பால் அந்தப் பலகையை நெம்பினேன். கீழே லொறியின் நீளத்துக்கு ஒரு தகரக் கான் ஓடியது. ஐஸ் உருகி வடிகிற தண்ணீர் போவதற்காக முன்பு செய்தது. சாச்சா அதன்மேல் பலகையை அடித்துவிட்டு அப்படியே மறந்துபோயிருக்கிறார்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. சுவர், கூரை, படி என்று எல்லாவற்றையும் தட்டினேன். மீன் லொறிக்குக் குளிர் போகாமலிருக்க இரட்டைச் சுவர் வைப்பார்கள். சாச்சா ஜன்னல் வெட்டியபோது உள்ளே இருந்த அடைசலைப் பிடுங்கியதில் நடுவெல்லாம் பொந்து. சக்கரச் சில்லுக்கு மேலே ஒரு பெட்டியளவு இடம். ஏறுகிற படிக்குள்ளே ஒன்று. சாரதியின் தலைக்கு மேலே ஒன்று. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் ஐந்து இடம் கண்டுபிடித்துவிட்டேன். கதவைத் திறந்து கத்தினேன்.

"சாச்சா, ஓடி வாங்க! லொறிக்கு வயிறு இரிக்கி!"

சாச்சா வந்து தட்டிப் பார்த்தார். "நான் கட்டின லொறிதானே, எனக்குத் தெரியாதா?" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு வாப்பா அந்தப் பக்கம் திரும்பியதும் குனிந்து, "இன்னும் எங்கயெல்லாம் புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

அன்று மாலை லொறி தின்னத் தொடங்கியது. உடுப்புகளைச் சுருட்டிக் கானுக்குள் அடுக்கினோம். வெங்காயமும் கிழங்கும் சில்லுக்கு மேலே போயின. படிக்குள் அடுப்பு. சஹனை நிமிர்த்தி இரட்டைச் சுவருக்குள் விட்டபோது அளவெடுத்துச் செய்தது போலப் போய் நின்றது. தரை வெறுமையானது. நான் அதில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் காட்டினேன். வாப்பா சாணால் அளந்து பார்த்து, "ஓம், ஆள் கொள்ளும்" என்றார். நான் குதித்த குதியில் மேல்கட்டிலில் மண்டை இடித்தது. வலிக்கவேயில்லை.

ஆறாவதாக ஒரு பொந்தும் இருந்தது. கதவோரத்துச் சின்னச் சாமான் தட்டுக்குப் பின்னால். அதை நான் யாருக்கும் காட்டவில்லை. சிப்பிகளும் டொபியும் வைக்க எனக்கென்று ஒதுக்கியிருந்தேன். புறப்படுகிற அன்று விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு உம்மா தனியாக வந்தார்.

"மகள், இன்னும் ஒரு இடம் இரிக்கா? ஒருத்தருக்கும் தெரியாத இடம்?"

உம்மாவுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. காட்டினேன். பொலிதீனில் இறுகச் சுற்றிய ஒரு பையை அதற்குள் வைத்தார். எல்லோருடைய பிறப்புச் சான்றிதழும் வளவின் உறுதிப் பத்திரமும் அதில் இருந்தன. எங்கள் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு உடுப்பு, ஒரு தீப்பெட்டி, ஒரு பிஸ்கட் பக்கற். பலகையை நானே பொருத்தினேன். உம்மா தன் பத்து வயதில், தொண்ணூறாம் ஆண்டு, வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல ஊரோடு விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் கல்பிட்டியில் வந்து இறங்கியவர். உடுத்த சட்டையோடு வந்தவர் என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டேன், அவ்வளவுதான். அன்று என் யோசனையெல்லாம் டொபியை இனி எங்கே வைப்பது என்பதில் இருந்தது.

நுவரெலியாவில் வாயிலிருந்து புகை வந்தது, அல்ஹம்துலில்லாஹ். கானுக்குள் இருந்த உடுப்புகளில் மீன் மணம் ஏறியதால், வாப்பா போன இடமெல்லாம் பூனைகளும் வந்தன. நான்கு நாளும் சிரித்துச் சிரித்தே வயிறு நொந்தது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் இறக்கினோம். அந்தப் பையை எடுக்கப் போனேன். "அது கிடக்கட்டும்" என்றார் உம்மா.

லொறி எங்கள் வளவில்தான் நின்றது. ஒவ்வொரு பெருநாளுக்கும் உம்மா அந்தப் பலகையைக் கழற்றுவார். எனக்குப் போதாமல் போன சட்டையை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பார். வைக்குமுன் என் தோளில் பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் பெரிசாவே இரிக்கட்டும்" என்பார். புதுச் சட்டை போவதில் எனக்குத் துளியும் கவலையில்லை. "எப்ப உம்மா போறோம்? எங்க போறோம்?" என்று அவரைப் பிடித்து உலுக்குவேன். பதில் வருமுன்பே, அடுத்த பயணம் வந்துவிட்டதென்று நானாவிடம் சொல்ல ஓடுவேன். அந்த ஓட்டத்தை உம்மா ஒருநாளும் நிறுத்தியதில்லை.