போகும்போது மட்டும் வரும் சத்தம்

மாயவன் அண்ணனுக்கு உட்காரத் தெரியாது. டீ குடிப்பதுகூட நின்றுகொண்டுதான். மரக்காணம் உப்பளத்தில் பதினைந்து வருஷம் வேலை செய்துவிட்டு, பிறகு பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எந்நேரமும் பறப்பார். வண்டி சும்மா நின்றால் அதைக் கழுவுவார். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, அடியில் எல்லாம் குழாயைப் பிடித்துப் பீய்ச்சுவார். அவ்வளவு சுத்தமான வாடகை வண்டியை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது.

என் மாமியார் ஆனந்தம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. திங்கள், புதன், சனி மூன்று நாளும் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ். என் வீட்டுக்காரருக்குச் சென்னையில் வேலை. அதனால் அத்தையை அழைத்துப் போவது நான், ஓட்டுவது மாயவன் அண்ணன். காலை ஆறரைக்கு மெஷினில் படுக்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஒருநாள் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் தாமதமானது. அடுத்தவர் காத்திருந்ததால் நான்கு மணி நேரம் மூன்றாகக் குறைந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அன்று விடியும்வரை அத்தை உட்கார்ந்தே இருந்தார். அதைக் கேட்டு மாயவன் அண்ணன் எங்கள் வாசலில் நின்று அழுதார். "எல்லாம் என்னாலதான்" என்றார். பஞ்சருக்கு அவர் என்ன செய்வார்? ஆனால் அன்றிலிருந்து அவர் ஆக்சிலேட்டரை மிதிக்கிற மிதியே வேறு.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், முன்னால் லாரி ஊர்ந்தால் "ஏறிப் போங்கண்ணா" என்று நானே விரட்டியிருக்கிறேன். அத்தை என் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வருவார். மருமகள் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

இந்தப் பங்குனியில்தான் சத்தம் வந்தது. உப்பளம் தாண்டி நேர் ரோட்டில் அவர் அழுத்தியதும் எங்கள் காலுக்கடியில் யாரோ தகரத்தை உதைப்பது போலக் கடகட, டம். காலை எடுத்தார், நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினார், திரும்ப வந்தது.

மூன்று வாரம் அது எங்கள் உயிரை வாங்கியது. அழுத்துவார், கடகட என்னும், காலை எடுப்பார், வேறு வழியில்லாமல் அறுபதில் உருட்டுவார். வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டால் அத்தை கதி என்ன? ஊரில் ஒரு மெக்கானிக் வண்டியை நிற்க வைத்து முறுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இன்னொருவர் சக்கரத்துக்கு பேரிங் மாற்றினார், கூடவே உட்கார்ந்து கீழ்புத்துப்பட்டு வரை போயும் பார்த்தார். வண்டி மூச்சு விடவில்லை. "உங்க காதுலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாயவன் அண்ணன் அன்று சாப்பிடவில்லை. வண்டியைக் கழுவினார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேண்ணா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அத்தையோ ஜன்னல் பக்கம் திரும்பி, விடியல் வெளிச்சத்தில் தெரியும் உப்புக் குவியல்களைப் பார்த்தபடி, "எவ்ளோ அழகா இருக்குது பாரு மெர்லின்" என்றார். இந்த நேரத்தில் அழகு ஒரு கேடா என்று எனக்கு எரிச்சல்.

புதன்கிழமை அத்தையை மெஷினில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பொம்மையார்பாளையத்தில் வெற்றிச்செல்வன் என்பவரின் பட்டறைக்குப் போனோம்.

"எப்ப வருது சத்தம்?" என்று கேட்டார் அவர்.

"போகும்போது மட்டும்தான் வருது. திரும்பி வரும்போது வர்றதே இல்ல" என்றேன் நான்.

"வரும்போது எப்படி ஓட்டுவாரு?"

"அத்தை அசந்து தூங்குவாங்க. மெதுவாதான். ஒரு மெக்கானிக் கூடவே ஏறி வந்து பாத்தாரு, அப்பவும் வரல."

"மெக்கானிக் ஏறினப்ப எப்படிண்ணா ஓட்டினீங்க?"

மாயவன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "தெரியாத ஆளு பக்கத்துல உக்காந்திருக்காரேன்னு மரியாதையா ஓட்டினேன்."

வெற்றிச்செல்வன் சிரித்துக்கொண்டே பானட்டைத் திறந்தார். "ஹேண்ட்பிரேக்கைக் கெட்டியா இழுத்துப் போட்டுக்கோங்க. ஃபர்ஸ்ட் கியர். இப்ப கிளட்சை லேசா விட்டு ஆக்சிலேட்டரைக் குடுங்க." எஞ்சின் ஒரு பக்கமாகத் துள்ளியது. கடகட, டம். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்து, அதைப் பிடித்திருந்த இரும்பும் துருவேறி அப்பளமாகக் கிடந்தது. பலமாக மிதித்தால் எஞ்சின் ஆடுகிறது, அதோடு சைலன்சர் குழாயும் ஆடி வண்டியின் அடியில் இடிக்கிறது.

"எந்தத் தண்ணியில கழுவுறீங்க?"

"எங்க வூட்டு போர் தண்ணிதான்."

"உப்புத் தண்ணியாண்ணா?"

பதினைந்து வருஷம் உப்பில் கால் வெந்த மனுஷன் துருவை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அத்தை மெஷினை விட்டு இறங்குவதற்குள் புது மவுண்ட் மாட்டியாகிவிட்டது.

சனிக்கிழமை சத்தம் இல்லை. நேர் ரோடு வந்ததும் மாயவன் அண்ணன் ஆசையாக அழுத்தினார். முள் நூறைத் தொட்டது. அத்தையின் கை என் மணிக்கட்டுக்கு வந்தது.

"ஏம்பா மாயவா, சத்தம் போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சும்மா!"

"போவாமயே இருந்திருக்கலாம்பா."

"என்னம்மா சொல்றீங்க?"

"மூணு வாரமா மெதுவா ஓட்டின. ஒருநாளாச்சும் லேட்டாச்சா? நீ அழுததைப் பாத்துட்டு உங்கிட்ட எப்படிப்பா சொல்றது? இந்த வேகம் எனக்குப் பயமா இருக்குது. அதான் இவ கையைப் பிடிச்சுக்கிட்டே வர்றேன்."

குனிந்து பார்த்தேன். மணிக்கட்டில் நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது. ஐந்து மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன், அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு. வெட்கமாக இருந்தது. மாயவன் அண்ணன் காலை எடுத்தார். முள் மெல்ல மெல்ல அறுபதுக்கு இறங்கியது.

திங்கட்கிழமை, வழக்கமாக ஐந்தரைக்குக் கிளம்புகிறவர் ஐந்து மணிக்கே வாசலில் ஹார்ன் அடித்து எங்கள் தெருவையே எழுப்பிவிட்டார். வண்டியை நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்திருந்தார். வழி முழுக்க அவர் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன, ஆனால் கால் அழுத்தவில்லை. அத்தை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில் வெள்ளையாகத் தெரிந்த உப்பளத்தைப் பார்த்தபடி வந்தார். எனக்குத்தான் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. நானே அவர் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.