இல்லாத பெரியம்மா

சுகப்பிரியா செய்த குற்றம் சிரித்ததுதான். தனியாகச் சிரித்திருந்தால் பைத்தியம் என்று விட்டிருப்பார்கள். கூடப் படிக்கும் அந்தோணிராஜோடு சேர்ந்து, மெக்கானிக்கல் பிளாக் வராந்தாவில், பட்டப்பகலில் சிரித்துத் தொலைத்துவிட்டாள்.

ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் 2013-ஆம் ஆண்டு நிலவரம் அப்படி. ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. கேன்டீனில் நடுவே தடுப்பு. பேசினால் விசாரணை. நாலு வருடம் இப்படிப் பிரித்துப் பிரித்து வைத்துவிட்டு, கடைசியில் எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்யத் தெரியுமா என்று கேட்கிற கம்பெனிக்காரனிடம் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுப்பார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

தப்பிக்க ஒரு வழியும் இருந்தது. "அவன் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள். "அண்ணன் முறை சார்" என்று சொல்லிவிட வேண்டும். அது பொய் என்பது சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னால் விட்டுவிடுவார்கள். ஒற்றைப் பிள்ளையாக அங்கே சேர்ந்த பெண்கள்கூட, படிப்பு முடிந்து போகும்போது ஏழெட்டு அண்ணன்மாரோடு போனார்கள்.

அந்தோணிராஜ் அப்படித்தான் தப்பித்தான். சாத்தான்குளத்துப் பையன், ஹாஸ்டலில் இருப்பவன். "எங்க சித்தி மவ சார்" என்றான். அவன் கழுத்தில் சிலுவை, அவள் நெற்றியில் குங்குமம். ஒழுங்குக் குழுத் தலைவர் சண்முகசுந்தரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார். பிறகு சுகப்பிரியாவிடம் திரும்பினார். அவளும் தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்ல சார். கூடப் படிக்கிற பையன்" என்றாள் அவள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை லேப் தேர்வு. அதற்குள் அண்ணன் முறை என்று ஒத்துக்கொள்ளாவிட்டால் தேர்வில் உட்கார முடியாது. உட்காராவிட்டால் அரியர் விழும். அரியர் வைத்திருப்பவளை, அடுத்த மாதம் ஆள் எடுக்க வருகிற கம்பெனி வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

அந்தோணிராஜ் நூலகத்துக்குப் பின்னால் வந்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கெஞ்சினான். "நான்தான் சொல்லிட்டேம்லா. நீயும் அந்த ஒத்த வார்த்தைய சொல்லிட்டுப் போயேன். எதுக்கு வீம்பு புடிக்க?"

"நான் உனக்கு தங்கச்சியா?"

"இல்ல."

"லவ்வரா?"

"ஐயையோ! இல்ல தாயி."

"அப்போ இன்னா?"

அவன் யோசித்தான். "பிரெண்டு."

"அத்ததான் நான் சொல்றேன். நீ வேணா உன் ஒறவ கட்டிக்கினு அழு."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பையனிடம் பேச வேண்டுமானால் முதலில் அவனை அண்ணனாக்க வேண்டும் என்றால், அண்ணனாக இல்லாதவனெல்லாம் புலியா கரடியா? தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் அம்மா கிளியம்மாள் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் வேலை செய்தாள். சனிக்கிழமை சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஒரே பாட்டு.

"ஒரு வார்த்த சொன்னா நாக்கு வெந்து பூடுமாடி? படிச்சி முடிச்சி வெளிய வந்து உன் ரோஷத்த வெச்சிக்கோ."

சண்முகசுந்தரம் அறையில் கிளியம்மாள் உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அவர் நேரடியாகக் கேட்டார்.

"அந்தப் பையன் உங்களுக்குச் சொந்தமாம்மா?"

"ஆமா சார். எங்க அக்கா பையன்" என்றாள் கிளியம்மாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தியாம்மா? இதை நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எனக்குப் பெரியம்மாவே கெடையாது சார்" என்றாள் சுகப்பிரியா.

"அப்ப உங்கம்மா பொய் சொல்றாங்களா?"

அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். சுகப்பிரியா அம்மா இருக்கிற பக்கம் திரும்பாமலே சொன்னாள். "எங்கம்மா எனக்காக சொல்றாங்க. நான் சொல்ல மாட்டேன்."

"எங்களுக்குப் பெத்தவங்க சொல்றதுதான் கணக்கு. திங்கட்கிழமை காலையில வந்து, அம்மா சொன்னது நிஜம்னு ஒரு வார்த்தை சொல்லு. நேரா எக்ஸாமுக்குப் போ." இதோடு பேச்சு முடிந்தது என்று ஃபேனை நிறுத்திவிட்டு எழுந்தார்.

திரும்பும்போது அம்மாவும் மகளும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் முதல் ஷிப்ட் முடிந்த கூட்டம் ஏறியது. ஆணும் பெண்ணும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. கிளியம்மாளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் கோதண்டராமன், அவளோடு கேன்டீனில் சோற்று அண்டாவின் மறுபக்கம் பிடிக்கிறவர்.

"இன்னா கிளி, இன்னிக்கி பாதியில எஸ்கேப்பு? அண்டாவ நான் ஒண்டியா தூக்கி இடுப்பு பூட்ச்சி."

"திங்கக்கெழம நான் ஒண்டியா தூக்கறேன், நீ குந்திகினு சம்பளம் வாங்கு" என்றாள் கிளியம்மாள். அவ்வளவு நேரம் இறுகியிருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆப்பூரில் இறங்கிப் போனார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி விசாரித்தாள். "யாரும்மா அது, உங்க அண்ணனா?"

"அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. கூட வேல செய்யறவரு. ஏன், பேசக் கூடாதா?"

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. சுகப்பிரியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கிளியம்மாள் டிரைவரின் தோளைத் தட்டினாள். "நைனா, ஓரமா நிறுத்து."

அவர்கள் இறங்க வேண்டிய சிங்கப்பெருமாள் கோவில் இன்னும் வரவில்லை. மகளின் கையைப் பிடித்து இறக்கி, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று ஒரகடம் போகிற ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"எங்கம்மா போறோம்?"

"காலேஜுக்கு."

"நீயும் இல்லன்னு சொல்லிட்டா, திங்கக்கெழம என்ன எழுதவே வுட மாட்டாங்கம்மா."

"வுடாட்டி போவட்டும். அரியர் உழுந்தா அடுத்த தபா எழுது" என்றாள் கிளியம்மாள். "உனக்குப் பெரியம்மாவே கெடையாதுன்னு என் வாயாலயே அந்தாள் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தாதான் எனக்கு சோறு எறங்கும். ஏறு."